அத்தியாயம் 5: கண் திறந்த குதிரைகள்

“எடுக்காத படத்துக்கு நான் எதுக்கு அண்ணாச்சி மன்னிப்புக் கேக்கணும்?” என்றாள் பிளஸ்ஸி. “ஜெயிலுக்கு வேணா போறேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

செயலாளர் சாம்ராஜ் மேஜை மேல் கிடந்த காகிதத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிளஸ்ஸி செய்யாத திருட்டு அதில் நல்ல ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் சாயங்காலம் கமிட்டி கூடி முடிந்த கையோடு போலீஸில் புகார் போகும்.

“நல்லதுக்குத்தான் சொல்லுதேன் பிளஸ்ஸி. வெளிய தெரியாம முடிச்சிருவோம்.”

“வெளிய எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு அண்ணாச்சி. தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான், நான் எடுக்கலங்கது.”

ஜன்னலோரம் நின்றிருந்த ஜெபிதாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக நஷ்டஈடு கேட்டு வந்தவர்களைத் தோண்டித் துருவிப் பழகியவள் அவள். குற்றம் செய்தவர்கள் பேரம் பேசுவார்கள் என்பது அவள் அனுபவம். இந்த அம்மாள் பேரமே பேசவில்லை. இப்போது ஜெபிதா சங்கரன்கோவிலில் சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறாள்; பிளஸ்ஸிதான் அவளைக் கூப்பிட்டிருந்தாள். ஏஜென்சி என்றால் அவள், ஒரு பழைய ஆம்னி வேன், அதை ஓட்டும் முகம்மது ஹுசைன், அவ்வளவுதான். ஹுசைனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாய்க்கு மட்டும் வயது ஏறவே இல்லை.

விஷயம் இதுதான். ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் ஹென்ஷா நினைவு வாசகசாலையில், பேப்பர் அலமாரிக்கு மேலே, எட்டாத உயரத்தில் ஓர் ஓவியம் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில் நான்கு குதிரைகள் ஒரு தபால் வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கும் படம். வரைந்தவர் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற ஆங்கிலேயர். தூசிக்குப் பயந்து கண்ணாடி போட்டுச் சட்டமிட்டிருந்தார்கள். யாரும் அதை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. திடீரென்று ஒருநாள் அதற்குப் பல லட்சம் விலை போகும் என்று கமிட்டிக்குத் தெரியவந்தது. உடனே எல்லாருக்கும் கலைமேல் காதல் வந்துவிட்டது.

மதிப்பிடுவதற்காகச் சென்னையிலிருந்து சாம்சுந்தர் என்ற நிபுணர் வந்தார். படத்தைச் சோதிக்க வேண்டுமென்று லாட்ஜுக்கு எடுத்துப் போனார். திரும்பக் கொண்டுவந்து, “இது போலி. பெயிண்ட் காய்ஞ்சு ஒரு வருஷம்கூட ஆகலை. அசலை யாரோ முன்னாடியே மாத்திட்டாங்க,” என்று குண்டைப் போட்டார். வாசகசாலையின் சாவி இருபது வருஷத்துக்கு மேலாக பிளஸ்ஸியிடம். அவ்வளவுதான், ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அவள் உள்ளே வந்தால் பேப்பர் படிக்கிறவர்கள் கீழே வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நிபுணரும் அறையில்தான் இருந்தார். கழுத்தில் சிவப்புக் கயிறு, அதன் நுனியில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கறுப்பு லென்ஸ். அதை விரலால் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“பென்ஃபோல்டைப் பத்தி எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்,” என்றாள் ஜெபிதா.

சாம்சுந்தர் மலர்ந்துபோனார். “அவருக்குக் குதிரைதாங்க எல்லாம். பந்தயம், வேட்டை, கோச்சு வண்டி. மனுஷங்க மேல அக்கறையே கிடையாது. வண்டி ஓட்டுறவனை வரைவார். உள்ளே உட்கார்ந்திருக்கிற பயணியை வரையவே மாட்டார். ஜன்னல் எப்பவும் இருட்டாத்தான் இருக்கும்.”

“இந்த ஊருக்கு முன்னப் பின்ன வந்திருக்கீங்களா?”

“இந்த வேலைக்கு வந்ததுதாங்க முதல் தடவை. இல்லேன்னா இந்த ஊர் பிரியாணியை விட்டிருப்பேனா?”

அந்த பிரியாணியைத் தேடித்தான் அவரும் சாம்ராஜும் கிளம்பினார்கள். சாயங்காலம் கமிட்டி, அதன் பிறகு அவருக்கு சென்னை ரயில். லாட்ஜைக் காலிசெய்து பெட்டி படுக்கைகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டேதான் வந்திருந்தார். கார் வாசகசாலைச் சந்திலேயே நின்றது.

அவர்கள் தலை மறைந்ததும் ஹுசைன் கையில் ஒரு பழைய காலண்டரோடு உள்ளே வந்தார். வாசகசாலையின் நூற்றாண்டுக்கு அச்சடித்தது. மேலே அதே தபால் வண்டி, வண்ணத்தில்.

“எதிர்த்த டீக்கடையில தொங்குச்சு மொதலாளி. தரமாட்டேன்னாரு. அதுக்குப் பின்னால செவுத்துல ஓட்டையாம். இப்ப என் துண்டு அந்த ஓட்டைய மறைச்சிக்கிட்டு இருக்கு.”

“பிளஸ்ஸிக்கா, அந்தப் போலியத் திருப்புங்க.”

படம் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது, தப்புச் செய்த பள்ளிப் பிள்ளையைப் போல. பிளஸ்ஸி அதைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தாள். ஜெபிதா காலண்டரை அதன் பக்கத்தில் பிடித்தாள். மழை அதே மழை. சேறு அதே சேறு. வண்டிக்காரனின் சவுக்குக்கூட அதே வளைவு.

“குதிரையப் பாருங்க பாய்.”

காலண்டர்க் குதிரைகளின் கண்ணோரத்தில் தோல் மறைப்பு இருந்தது. பக்கவாட்டில் பார்த்து மிரளாமலிருக்க வண்டிக் குதிரைகளுக்குக் கட்டுவது. அதனால் நான்கு குதிரைகளுக்கும் கண்ணே தெரியவில்லை. போலியிலும் தோல் மறைப்பு இருந்தது. ஆனால் அது காதுப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஒவ்வொரு குதிரையும் கண்ணை அகலத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை விழி, கறுப்பு மணி, ஓரத்தில் மெல்லிய சிவப்பு நரம்பு.

“இன்னொண்ணு,” என்றார் ஹுசைன். “கண்டக்டர் ஏறியிருக்கான்.”

“என்னது?”

“வண்டி ஜன்னலப் பாருங்க. காலண்டர்ல காலி. இங்கன ஒருத்தன் உக்காந்திருக்கான், கழுத்துல விசில் மாட்டிக்கிட்டு. வெள்ளைக்காரன் அந்தக் காலத்துலயே டவுன் பஸ் விட்டிருக்கான் போல.”

ஜெபிதா குனிந்து பார்த்தாள். இருட்டான ஜன்னலுக்குள் வெளிர் சட்டை போட்ட ஒருவன். கழுத்தில் கயிறு, நெஞ்சில் ஏதோ ஒரு கறுப்பு உருண்டை. முகம் கலங்கலாக இருந்தது, கண் மட்டும் குதிரைகளின் கண்ணைப் போலவே பளிச்சென்று திறந்திருந்தது. ஒரு போலிக்காரன் அசலில் இருப்பதை விட்டுவிடலாம், கை தவறலாம். இல்லாத ஆளை எதற்காக வண்டியில் ஏற்றுவான்? அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“ஏக்கா, இத கமிட்டில யாரும் பாக்கலையா?”

“போலின்னு சொன்ன பெறகு அத எவரு பாத்தாவ?” என்றாள் பிளஸ்ஸி. “திருடின்னு சொன்ன பெறகு என்னையும்தான் யாரும் பாக்கல.”

ஹுசைன் குதிரைகளின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வலமும் இடமுமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“மொதலாளி, இந்தக் கண்ண நான் பாத்திருக்கேன். சரியாச் சொன்னா, இந்தக் கண்ணு என்னையப் பாத்திருக்கு. ராயகிரிப் பக்கம் ஒரு அய்யனார் கோயில் கொடைத் திருவிழாவுக்கு சவாரி போயிருந்தேன்லா? நாள் பூரா சாமி குதிரைக்கு எதுக்கதான் வண்டியப் போட்டிருந்தேன். புதுசா பெயிண்ட் அடிச்ச குதிரை. சோத்துப் பொட்டலத்தப் பிரிக்க விடாம முறைச்சிக்கிட்டே நின்னுச்சு. இதே செவப்பு நரம்பு.”

“வரைஞ்சது யாரு?”

“பேரு தெரியாது. ஆனா கண்ணு தெரியும். போவமா?”

போனார்கள். புளியங்குடியில் எலுமிச்சை லாரிகள் வழியை அடைத்து நின்றன. வேனுக்குள் ஏறிய வாசனையில் ஹுசைனுக்குப் பசி வந்துவிட்டது, பசி வந்தால் அவருக்குச் சந்தேகமும் வரும்.

“எனக்கு சாம்ராஜ் மேலதான் கண்ணு. எதுக்கு அந்த ஆளுக்கு இம்புட்டு அவசரம்? கையெழுத்துப் போடு, வாய மூடு, வீட்டுக்குப் போன்னு. திருடுனவனுக்குத்தான் கேச சீக்கிரம் முடிக்கணும்.”

“மானம் போயிருமோன்னு பயப்படுதவனும் அப்பிடித்தான் செய்வான் பாய்.”

“ரெண்டு பேருக்கும் மூஞ்சி ஒண்ணுபோலதானே இருக்கு.”

ஜெபிதாவுக்கும் உள்ளுக்குள் சாம்ராஜ் மேல்தான் ஒரு கண் இருந்தது. பிளஸ்ஸி தனியாக நிற்கிறாள், சாயங்காலத்துக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் அந்த அம்மாளின் இத்தனை வருஷத்து நேர்மையும் ஒரு டைப் அடித்த தாளுக்குக் கீழே நசுங்கிப்போகும். நினைக்கவே ஜெபிதாவுக்கு ஆத்திரமாக வந்தது.

ராயகிரியில் இரண்டு பேரிடம் விசாரித்ததுமே ஆள் கிடைத்துவிட்டார். குதிரைவண்டிப் பந்தயத்துக்கு ஒரு சுவர் முழுக்க விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார் அய்யாத்துரை. சுவரில் இரண்டு குதிரைகள் பாய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கு மட்டும் இன்னும் கண் வைக்கவில்லை.

ஜெபிதா செல்போனில் போலியின் படத்தைக் காட்டினாள். “இது நீங்க வரைஞ்சதா அண்ணாச்சி?”

ஆள் மழுப்புவார், ஓடப் பார்ப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். அய்யாத்துரை நெஞ்சை நிமிர்த்தினார். “ஆமா. நான்தான். எப்பிடி இருக்கு?”

“சங்கரன்கோவில்ல இத போலின்னு சொல்லி மூலையில வச்சிருக்காங்க.”

“போலியா? எவன் சொன்னான்?” பிரஷ்ஷை வாளியில் போட்டார். “ஓட்டல் செவுத்துல மாட்டணும், ஒரு படம் பாத்து வரைஞ்சு தாங்கன்னு போன்ல ஒருத்தன் கேட்டான். வரைஞ்சு கொடுத்தேன். வேன்காரன் வந்து எடுத்துட்டுப் போனான். அதுல எங்கன இருக்கு போலி?”

“கேட்ட ஆள நேர்ல பாத்தியளா?”

“இல்ல. இப்ப அந்த நம்பரும் எடுக்க மாட்டங்கு.”

“அசல்ல குதிரைக்குக் கண்ணு இல்லையே. நீங்க ஏன் வச்சிய?”

அய்யாத்துரை அவளைப் பாவமாகப் பார்த்தார். “கண்ணத் தெறக்காத உருவம் எதுவும் என் வாசலத் தாண்டாதும்மா. சாமி குதிரையானாலும் சரி, பந்தயக் குதிரையானாலும் சரி. நல்ல நேரம் பாத்து, கடைசியா கண்ணு வைப்பேன். அந்தப் போட்டோவப் பாத்ததும் எனக்கு மனசே ஆறல. நாலு உசிரு மழையில கெடந்து இழுக்குது, ஒண்ணுக்கும் கண்ணு இல்ல. வெள்ளைக்காரன் மறந்துட்டான்னு நெனச்சேன். தோல ஒதுக்கிட்டு நான் தெறந்து விட்டேன்.”

“அப்ப உள்ள இருக்க கண்டக்டரு?” என்றார் ஹுசைன். “அவனும் வெள்ளைக்காரன் மறந்ததா?”

“அவன் போட்டோவுலயே இருந்தாம்வே. இருக்கத நான் விட மாட்டேன். மூஞ்சிதான் தெளிவா இல்ல. உசிருன்னு ஆயாச்சு, அவனுக்கும் கண்ணத் தெறந்துட்டேன். கழுத்துல செவப்புக் கயிறு, கறுப்பா ஒண்ணு தொங்குச்சு. பந்தயத்துல விசில் ஊதுத ஆளாக்கும்னு நெனச்சு அப்பிடியே போட்டேன்.”

ஜெபிதாவின் முதுகு நிமிர்ந்தது. “அந்தப் போட்டோ உங்ககிட்ட இருக்கா?”

இருந்தது. அய்யாத்துரையின் செல்போனில் அதைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, வண்டி ஜன்னலைப் பெரிதாக்கினாள். பிறகு போனை ஹுசைனிடம் நீட்டினாள். ஹுசைனுக்கே வாய் அடைத்துப்போயிற்று. அப்படி நடப்பது அபூர்வம்.

“வண்டிய எடுங்க பாய். அது விசில் இல்ல.”

“நானும் வாரேன்,” என்று அய்யாத்துரை கையைத் துடைத்துக்கொண்டார். “என் குதிரைய போலின்னு சொன்னவன நான் பாக்கணும்.” ஒரு கணம் தயங்கி, ஓடிப்போய் சுவரில் இருந்த குதிரைக்குக் கண்ணை வைத்துவிட்டு வந்து ஏறினார்.

வாசகசாலையில் கமிட்டி கூடியிருந்தது. பிளஸ்ஸி நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றாள். வராந்தாவில் சாயங்காலப் பேப்பர் படிக்க வந்தவர்கள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு காதை உள்ளே விட்டிருந்தார்கள். சாம்சுந்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு கேள்வி,” என்று ஜெபிதா நேராகச் சாம்சுந்தரிடம் போனாள். “இந்தப் போலியில வண்டிக்குள்ள ஒரு ஆள் இருக்கானே, அது யாருன்னு சொல்லுங்க.”

“எந்த ஆள்?”

அவர் உண்மையாகவே குழம்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜெபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலியை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவன், தானும் அதை உற்றுப் பார்க்கவில்லை.

ஹுசைன் படத்தைத் தூக்கி மேஜை மேல் நிறுத்தினார். “கிட்ட வாங்க சார். லென்ஸ் போட்டுப் பாருங்க. அதான் கழுத்துலயே கெடக்கே.”

“கிறிஸ்துமஸுக்கு முன்னால இங்க வெள்ளையடிச்சாங்கன்னு வர்ற வழியில பிளஸ்ஸிக்காட்ட போன்ல கேட்டுக்கிட்டேன்,” என்றாள் ஜெபிதா கமிட்டியைப் பார்த்து. “அப்ப எல்லாப் படத்தையும் கழட்டி வராந்தாவுல சாய்ச்சு வச்சிருந்தாங்க. சரியாக்கா?”

“சரி,” என்றாள் பிளஸ்ஸி. “நான்தான் வச்சேன்.”

“தெருவுல போற யாரும் வந்து பாக்கலாம். ஒருத்தரு வந்து பாத்தாரு, போட்டோவும் எடுத்தாரு. அந்த போட்டோவ ராயகிரிக்கு அனுப்பி இவர வரையச் சொன்னாரு.” அய்யாத்துரை கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார். “ஆனா பட்டப்பகல் வெயில், படத்துக்கு மேல கண்ணாடி. வண்டி ஜன்னல் நல்ல இருட்டு. அந்த இருட்டுல, போட்டோ எடுத்தவரோட உருவம் விழுந்திருச்சு. இவரு அது படத்துல இருக்க ஆளுன்னு நெனச்சு, விடாம வரைஞ்சு, கண்ணையும் தெறந்து வச்சிட்டாரு.”

அய்யாத்துரையின் போனை மேஜையில் வைத்தாள். பெரிதாக்கிய ஜன்னலுக்குள் வராந்தாத் தூண், வெள்ளையடிக்கிற ஏணி, நடுவில் போனைத் தூக்கிப் பிடித்த ஒரு மனிதன். கழுத்தில் சிவப்புக் கயிறு. அதில் கறுப்பு லென்ஸ்.

சாம்ராஜ் போனைப் பார்த்தார், சாம்சுந்தரின் கழுத்தைப் பார்த்தார். “நீங்க இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவைன்னு சொன்னீங்களே!”

“அப்போ... படத்தை மாத்தினது...” என்று கமிட்டியில் ஒருவர் இழுத்தார்.

“படத்த யாரும் முன்னாலயே மாத்தல,” என்றாள் ஜெபிதா. “நீங்க இவரு கையில குடுத்தது அசல். இவரு திருப்பிக் குடுத்தது தயாரா வச்சிருந்த போலி. திருட்டு நடந்தது நம்ம கண்ணு முன்னால, ரசீதோட. அப்புறம் ‘முன்னாடியே மாத்திட்டாங்க’ன்னு ஒரு வார்த்தை. பழி தானா சாவி வச்சிருந்தவ மேல போய் விழுந்திருச்சு.”

சாம்சுந்தர் எழுந்தார். “இது அபாண்டம். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு.” நடையில் ஓட்டம் தெரிந்தது.

“மெதுவாப் போங்க சார்,” என்றார் ஹுசைன். “உங்க காருக்குப் பின்னால நம்ம ஆம்னிய ஒட்டி நிறுத்தியிருக்கேன். அது எப்பவாச்சும்தான் ஸ்டார்ட் ஆவும்.”

அய்யாத்துரை வாசலில் நின்றுகொண்டார். வழிவிடுகிற மாதிரியே தெரியவில்லை. கமிட்டியில் இருவர் காருக்குப் போய், பின்சீட்டில் போர்வைக்கடியிலிருந்து அகலமான தட்டைப் பையை எடுத்து வந்தார்கள். ஜிப்பை இழுத்தது சாம்ராஜ்தான். மழை, சேறு, நான்கு குதிரைகள். ஒன்றுக்கும் கண் தெரியவில்லை. ஜன்னல் இருட்டாக இருந்தது.

சாம்சுந்தர் நாற்காலியில் சரிந்தார். ஜெபிதாவுக்கு ஒரு பெருமூச்சு வந்தது, அதை முழுதாக விடுவதற்குள் சாம்ராஜ் பேசினார்.

“முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. வராந்தாவுல ஆளுக நிக்காங்க.” குரலைத் தாழ்த்தினார். “படம் கெடைச்சாச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இத இதோட விட்டுருவோம். இந்த ஆளு ரயிலேறிப் போகட்டும். போலீஸ், கோர்ட்டுன்னு போனா வாசகசாலை பேரு கெட்டுப்போவும். ஏமாந்தது நாமதான்னு ஊரு சிரிக்கும். பிளஸ்ஸி, நீயும் நாளைலருந்து வழக்கம்போல வா. நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கல.”

ஜெபிதா கோபத்தோடு வாயைத் திறந்தாள். ஆனால் பிளஸ்ஸி முந்திக்கொண்டாள்.

“நீங்க மனசுல வச்சுக்கலையா?” அவள் குரல் உயரவே இல்லை. “நான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. என் பேரு தெருவுல கெடந்தப்ப யாரும் கதவச் சாத்தச் சொல்லல. இப்ப உங்க பேருக்கு மட்டும் கதவு வேணுமோ?”

“பிளஸ்ஸி, சொன்னாக் கேளு...”

“கேக்க மாட்டேன். போலீஸுக்கு நீங்க போன் போடுதீயளா, நான் போடவா?”

சாம்ராஜ் அசையவில்லை. பிளஸ்ஸி தன் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். வாசகசாலையின் பெயர், தெரு, தன் முழுப்பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். திருடன் இங்கேயே உட்கார்ந்திருக்கிறான் என்றாள். பிறகு நடந்துபோய், யாரோ பாதி சாத்தியிருந்த கதவின் இரண்டு பலகைகளையும் சுவரில் மோதும்படி திறந்தாள். வராந்தாவில் நின்றவர்கள் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

“எதுக்கு வெளிய நிக்கீய? எல்லாரும் உள்ள வாங்க,” என்றாள் பிளஸ்ஸி. “திருடன் அங்கன உக்காந்திருக்கான், நல்லாப் பாருங்க. பாத்துட்டு, போறதுக்கு முன்னால என் மூஞ்சியையும் ஒரு தடவ நேருக்கு நேரா பாத்துட்டுப் போங்க.”